ஒரு தட்டு தட்டினால்

அத்தியாயம் ஒன்பது

கண்ணாடிக்காரியின் பிடிவாதத்தைப் பற்றி இந்தக் கதையோடு கூடவே வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, லென்ஸின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிற வேலை அவளுக்கு. கை கொஞ்சம் பிசகினாலும் சில்லு தெறித்துவிடும். அந்தப் பழக்கமோ என்னவோ, ஒன்றை மனதில் நினைத்துவிட்டால் அது பொருந்தி உட்காருகிற வரை விடமாட்டாள்.

"சனிக்கிழமை ஆள் வருது. இனி ஆளுக்கொரு ரூம். பேச்சு முடிஞ்சுது" என்று போன வாரம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாளே, அந்தச் சனிக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

ஆள் என்றால் வேறு யாருமில்லை, அவளுடைய தம்பிதான். கடைகளுக்கு இரும்பு அடுக்குகள் மாட்டிக் கொடுப்பது அவன் தொழில். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் சட்டைப் பையில் ஒரு ஸ்பேனர் இருக்கும். அதனால் குடும்பத்தில் அவனுக்கு ஸ்பேனர் மாமா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அக்கா, ரெண்டு பேரும் வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கறாங்க. போலீசைக் கூப்பிடட்டுமா?" என்றான் அவன்.

"நீ உன் வேலையைப் பாரு. அதுங்க தானா நகரும்."

"நகர மாட்டோம்" என்றான் வண்டு. ஏழு வயதுப் பையன். ஓர் இடத்தில் உட்காரமாட்டான் என்பதால் வந்த பெயர் அது. இன்றைக்கு மட்டும் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆணி அடித்த மாதிரி நின்றான்.

"சரிங்கய்யா. நான் வெளியவே நிக்கறேன். என் கை மட்டும் உள்ள போய்க் கட்டிலைக் கழட்டிட்டு வரலாமா?"

வண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்ற அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குப் பதினோரு வயது. எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பாள். வீட்டில் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாமா, இந்த ரூம்ல நாங்க ரெண்டு பேரும் இருக்கறது எங்க இஷ்டம். யாரும் எங்களை இருக்கச் சொல்லலை. சண்டையும் போடறதில்லை. அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்? காரணம் சொல்லுங்க."

"காரணத்தை உங்கம்மாகிட்ட கேளு. நான் கூலிக்கு வந்தவன். அந்தக் கூலியும் இன்னும் முடிவாகலை."

"காரணமா?" கண்ணாடிக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீ வளர்ற பொண்ணு. உனக்குன்னு ஒரு மேஜை வேணும், சாத்திக்கறதுக்கு ஒரு கதவு வேணும். உன் வயசுல எனக்கு யாராவது தனி ரூம் தரேன்னு சொல்லியிருந்தா நான் தலைகீழா நடந்திருப்பேன்."

"அப்ப நீயே அந்த ரூமுக்குப் போயேன்மா."

ஸ்பேனர் மாமா சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான். கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ சுருக்கென்றது.

அந்த அறையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூன்று படுக்கையறைகள். ஒரு கோடியில் பெரிய அறை, மறு கோடியில் பிள்ளைகளின் அறை, நடுவில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும் போட்டால் அது நிறைந்துவிடும். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அதை மகளுக்கென்றுதான் ஒதுக்கினார்கள். அவள் கேட்ட இளம்பச்சையையே சுவருக்கு அடித்தார்கள். ஜட்ஜம்மா அதில் ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு தம்பியிடம் போய்விட்டாள். "அங்க பேசறதுக்கு ஆளே இல்ல" என்றாள். சரி என்று அடுக்குக் கட்டில் வாங்கிப் போட்டார்கள்.

சின்ன அறை சும்மா கிடந்தது. அப்புறம் பிள்ளைகளின் அப்பாவுக்கு டிப்போவில் அதிகாலை வண்டி கொடுத்தார்கள். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஊர் விழிப்பதற்கு முன்னால் எழுந்து போக வேண்டும். "அலாரம் அடிச்சா உன் தூக்கம் கெடும். உனக்குக் கண்ணு வேலை. நான் அந்த ரூம்ல படுத்துக்கறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவளும் அன்பாகத்தான் தலையாட்டினாள்.

சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் யாராவது சமாதானம் பேச வந்திருப்பார்கள். தூக்கத்துக்காகப் பிரிந்தவர்களுக்கு யார் வந்து என்ன பேசுவது? அவர் மத்தியானம் வந்து சாப்பிட்டுப் படுப்பார். இவள் கடையிலிருந்து வரும்போது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். சீக்கிரம் படுத்துவிடுவார். தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார், தானே மடித்து வைத்துக்கொண்டார். ஒரே வீட்டுக்குள் வாடகைக்கு இருப்பவர் மாதிரி ஆகிவிட்டார்.

ஆகவே, வளர்கிற பெண்ணுக்குத் தனி அறை என்பது கண்ணாடிக்காரி வெளியே சொன்ன காரணம். மனதில் இருந்தது வேறு. சின்ன அறையை மகளுக்குக் கொடுத்துவிட்டால் டிரைவர் பெரிய அறைக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும்? "வாங்க" என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் கட்டிலை நகர்த்துகிறாள்.

கடைசியில் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் பிடித்து வெளியே இழுத்து நிறுத்தினாள். ஸ்பேனர் மாமா உள்ளே போய் மேல் கட்டிலைக் கழற்றத் தொடங்கினான்.

அவள் பெரிய அறைக்குப் போய்த் தன் அலமாரியில் பாதியை ஒழித்தாள். அவர் தலையணைக்குப் போடுவதற்கென்று ஒரு புது உறை வாங்கி வைத்திருந்தாள். சின்ன அறையிலிருந்து அவர் தலையணையை எடுத்து வந்து, அதைப் போட்டுத் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். திரும்பவும் பக்கத்தில் வைத்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு இதென்ன கூத்து என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அக்கா!" என்று குரல் வந்தது. "போல்ட்டெல்லாம் எங்க?"

"என்னைக் கேட்டா?"

"கழட்டிக் கழட்டி இந்தத் தட்டுலதான் போட்டேன். தண்ணி குடிக்கப் போயிட்டு வரேன், தட்டு மட்டும் இருக்கு. இதுங்க சாதாரணப் பிள்ளைங்க இல்லக்கா. நீ பெத்ததுங்க."

பிள்ளைகள் இருவரும் கூடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டுவின் வாய் இறுக்கமாக மூடியிருந்தது. அம்மா, மாமா, ஜட்ஜம்மா மூன்று பேரும் சேர்ந்து சோபாவுக்கு அடியில், செருப்புகளுக்குள், பள்ளிக்கூடப் பைக்குள் எல்லாம் தேடினார்கள். அதாவது, இருவர் தேடினார்கள். ஜட்ஜம்மா தேடுகிற மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

"போல்ட் கிடைக்கட்டும், கிடைக்காம போகட்டும். நான் அவர் துணியை மாத்திடறேன்" என்று கண்ணாடிக்காரி சின்ன அறைக்குள் நுழைந்தாள். அவர் வருவதற்குள் துணியெல்லாம் இடம் மாறிவிட்டால் பிறகு பேச்சுக்கு என்ன வேலை?

அந்த அலமாரியை அவள் திறந்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. திறந்தாள்.

இரண்டு யூனிஃபார்ம் சட்டைகள் தொங்கின. மூலையில் ஒரு பழைய கட்டம்போட்ட சட்டை. மற்றதெல்லாம் வெறும் ஹேங்கர்கள்.

துவைக்கப் போட்டிருப்பார் என்று நினைத்தாள். பின்பக்கம் போய்க் கொடியைப் பார்த்தாள். ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து கீழ்த்தட்டைப் பார்த்தாள். அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பழுப்பு ஸ்வெட்டர் இல்லை. தம்பி கல்யாணத்துக்குப் போட்ட நீலச் சட்டை இல்லை. நல்ல ஷூ இருந்த இடத்தில் தூசி மட்டும் ஷூ வடிவத்தை விட்டுச் சுற்றிப் படிந்திருந்தது.

கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். அலமாரியை மூடித் திரும்பவும் திறந்தாள். மறுபடி பார்த்தால் சட்டைகள் இருக்கும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. லென்ஸில் தலைமுடி அளவு கீறலைக்கூடப் பார்த்துவிடுகிற கண் அது. சொந்த வீட்டில் ஓர் அலமாரி காலியானதைப் பார்க்கவில்லை. கட்டம்போட்ட சட்டையை ஹேங்கரோடு கையில் எடுத்தாள்.

"அதைத் தொடாதேம்மா!"

வாசலில் வண்டு நின்றான். முகம் சிவந்திருந்தது. "அதை எடுக்காதே! அது ஒண்ணுதான் பாக்கி இருக்கு!"

"வண்டு!" என்று பின்னாலிருந்து ஜட்ஜம்மா அதட்டினாள். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

கண்ணாடிக்காரி மெதுவாகக் கேட்டாள். "பாக்கின்னா? மத்ததெல்லாம் எங்க?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா எடுத்துட்டுப் போறார்" என்றான் வண்டு. "சாப்பாட்டுப் பையில. எங்க ஜன்னல்ல இருந்து பாத்தா தெரியும். போகும்போது பை குண்டா இருக்கும். வரும்போது ஒல்லியாயிடும்."

"எங்க எடுத்துட்டுப் போறார்?"

"தெரியாது."

"கேக்கலையா?"

"கேக்கலை" என்றாள் ஜட்ஜம்மா. "கேட்டா மொத்தமா போயிடுவாரோன்னு பயமா இருந்துச்சு."

மகளை அதட்ட வாயெடுத்தவள் பேசாமல் இருந்துவிட்டாள். தானும் இந்த ஒரு வருஷமாக எதையும் கேட்காமல் இருந்தது அதே பயத்தில்தானே என்று தோன்றியது. கட்டிலில் உட்கார்ந்து இருவரையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இதுக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஜட்ஜம்மா சுவரைக் காட்டினாள். அந்தப் பக்கம் அவர்கள் கட்டில்.

"அப்பா கிளம்பும்போது இந்தச் சுவத்துல தட்டுவார். நாங்க அந்தப் பக்கம் இருந்து ரெண்டு தட்டு தட்டணும். பஸ்ஸுல மணி அடிக்கற மாதிரி. ரெண்டு அடிச்சா போலாம். நாங்க தட்டாம அப்பா கிளம்பவே மாட்டார். ஒருத்தர் தூங்கிட்டா இன்னொருத்தர் தட்டணும். அதுக்குத்தான் ரெண்டு பேர்."

"நாங்கதான் கண்டக்டர்" என்றான் வண்டு. அழுகைக்கு நடுவிலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

"மொதல்ல சும்மா விளையாட்டுதான்மா. அப்புறம் பை குண்டாச்சு. அப்பா இந்த ரூமுக்குத்தான் திரும்பி வர்றார். இதை என்கிட்ட கொடுத்துட்டா அப்பாவுக்கு ரூமே இருக்காது. அப்புறம் அவர் எதுக்கு வருவார்?"

"ஏன், என் ரூம் இல்லையா?" என்றாள் கண்ணாடிக்காரி.

"அங்க நீ இருக்கியே" என்றான் வண்டு.

குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை அவன். இருப்பதைச் சொன்னான். "அங்க நீ தூங்குவே. சத்தம் கேட்டா முழிச்சுப்பே. அதனால அப்பா வர மாட்டார்."

அவள் சுவரையே பார்த்தாள். "ஒண்ணு தட்டினா என்ன அர்த்தம்?"

"நிறுத்தணும்" என்றாள் ஜட்ஜம்மா. "உடனே நிறுத்தணும். ஆனா அதைச் சும்மா தட்டக் கூடாது. ரொம்ப அவசரம்னாதான். இவன் பல தடவை தட்டப் போனான். நான்தான் கையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டேன். அப்பா வண்டியில ஏற ஜனங்க காத்துக்கிட்டு இருப்பாங்க இல்ல?"

கண்ணாடிக்காரி எழுந்தாள். சட்டையை இருந்த இடத்திலேயே தொங்கவிட்டாள். பெரிய அறைக்குப் போய்த் தலையணையை எடுத்து வந்து இந்தக் கட்டிலில் போட்டாள்.

"தம்பி! கட்டிலை மாட்டு. முன்னே எப்படி இருந்துச்சோ அப்படியே."

"என்னது? காலையில இருந்து முதுகு ஒடியக் கழட்டினதை..." என்று ஆரம்பித்த ஸ்பேனர் மாமா, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினான். "சரி, மாட்டறேன். போல்ட்டுக்கு எங்க போறது?"

வண்டு ஓடிப்போய்த் தன் பொம்மைப் பேருந்தைக் கொண்டு வந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இருக்கைக்கு ஒரு போல்ட் வீதம் பயணிகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. நட்டுகளெல்லாம் பின்வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"அடப்பாவி, ஸ்டாண்டிங் வேறயா?" என்றான் மாமா.

அரக்கப்பரக்க வேலை நடந்தது. ஒரு போல்ட் குறைந்து, அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அகப்பட்டு, கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது வாசல் கதவு திறந்தது.

டிரைவர் வந்தார். முகத்தில் வெயிலும் புழுதியும். சாப்பாட்டுப் பையை நாற்காலியில் வைத்தார். பை ஒல்லியாக இருந்தது. கண்ணாடிக்காரி அதைப் பார்த்தாள். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

"என்ன மச்சான், ஸ்பேனரோட வந்திருக்கே?"

"சும்மா அத்தான். கட்டில் கொஞ்சம் ஆடுச்சாம். இறுக்கிக் கொடுத்தேன்."

அவர் கை கழுவினார், சாப்பிட்டார். கண்ணாடிக்காரி பரிமாறினாள். பத்துத் தடவை கேட்க நினைத்தாள். பத்துத் தடவையும் "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றுதான் வந்தது. அவர் எழுந்து, பையையும் எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போனார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"உறை மாத்தினியா?"

"ம்."

"நல்லா இருக்கு" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

அவ்வளவுதான். இந்த வீட்டில் ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு. அவள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். உள்ளே அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. படுக்கப் போகிற மனிதர் எதற்கு அலமாரியைத் திறக்கிறார்? ஒரு ஹேங்கர் கம்பியில் இடித்துக் கிணுங்கியது.

கட்டம்போட்ட சட்டை. அந்த ஒன்றுதான் பாக்கி.

தட்டை வைத்துவிட்டு அவள் பிள்ளைகளின் அறைக்குள் போனாள். கீழ்க் கட்டிலில் உட்கார்ந்தாள். இந்தச் சுவருக்குப் பக்கத்தில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பிள்ளைகளின் கை பட்டுப் பட்டு ஓர் இடத்தில் சுண்ணாம்பு வழவழவென்று அழுக்கேறியிருந்தது.

அந்த இடத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

ஹேங்கர் சத்தம் நின்றது.

பிறகு அவர் அறைக் கதவு படாரென்று திறந்தது. "என்னடா? என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்று பதறிக்கொண்டே அவர் கூடத்துக்கு வருவது கேட்டது.

"நாங்க தட்டலைப்பா" என்றது ஜட்ஜம்மாவின் குரல். "நாங்க ரெண்டு பேரும் மாமாகூட இங்கதான் இருக்கோம்."

காலடி மெதுவாக வந்தது. பிள்ளைகளின் அறை வாசலில் டிரைவர் நின்றார். கையில் பாதி மடித்த கட்டம்போட்ட சட்டை. கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். சுவரின் மேல் இன்னும் எடுக்காமல் வைத்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

"நீயா தட்டினே?"

"நான்தான்."

"ஒரு தட்டுதான் கேட்டுச்சு."

"ஒரு தட்டுதான் தட்டினேன். ஒண்ணு தட்டினா நிறுத்தணுமாமே?"

அவர் உள்ளே வந்தார். தலை மேல் கட்டிலில் இடிக்காமல் குனிந்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புதிதாக முறுக்கிய போல்ட் ஒன்று முனகியது. அவ்வளவு பக்கத்தில் அவர் உட்கார்ந்து நெடுநாளாயிற்று. டீசல் வாசனை வந்தது. அந்த வாசனை தனக்கு இவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

"நிறுத்திட்டேன்" என்றார்.

அவள் சுவரிலிருந்து கையை எடுத்து அந்தச் சட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சொல்லுங்க. மீதிச் சட்டையெல்லாம் எந்த வீட்டுல இருக்கு?"